பீடத்துக்கும் சேற்றுக்கும் நடுவே: லூயிஸ் புனுவல் படங்களில் பெண்ணின் காமம்

பெரிய வியாழன். மெக்சிகோ நகரத் தேவாலயம் ஒன்றில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. வரிசையாக அமர்ந்திருக்கும் சிறுவர்களின் பாதங்களைக் கழுவி முத்தமிட்டுக்கொண்டே வருகிறார் பாதிரியார். அவருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிறார் பிரான்சிஸ்கோ கால்வான். நாற்பதை எட்டிய செல்வந்தர், ஊர் மெச்சும் பக்திமான், அதுவரை பெண்ணை அறியாதவர். அவருடைய பார்வை சிறுவனின் பாதத்திலிருந்து நழுவி, கூட்டத்தில் இருக்கும் பெண்களின் காலணிகள்மீது ஊர்கிறது. ஒரு ஜோடியைக் கடந்து போய், திரும்பி வந்து அதிலேயே நிற்கிறது. அதன் பிறகுதான் கண் மேலேறி அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடுகிறது. 1953இல் வெளியான ‘எல்’ (அவன்) படம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தக் காட்சியில் இயக்குநர் லூயிஸ் புனுவல் சடங்கைக் கேலி செய்யவில்லை. சடங்கு முறைப்படி நடக்கிறது, பாதிரியார் கபடமில்லாதவர், பாட்டும் விளக்கும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் பாதத்தின் முன் மண்டியிடவும், அதைக் கையிலேந்தவும், முத்தமிடவும் அந்த மனிதருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சடங்கேதான். அவருடைய காமம் தேவாலயத்துக்கு வெளியே பிறந்து உள்ளே நுழைந்துவிட்ட ஒன்றல்ல. அது அங்கேயே வளர்ந்தது.

புனுவலைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது வேறு. திருச்சபை பெண்ணின் ஆசையை அடக்குகிறது, நாத்திகரான புனுவல் அதை விடுவிக்கிறார் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அவர் படங்களை வரிசையாகப் பார்ப்பவர்களுக்கு வேறொன்றும் புலப்படும். அங்கே கத்தோலிக்கம் ஆசையை அழிப்பதில்லை. அதற்கு உருவமும் உடையும் நேரமும் சடங்கும் தருகிறது. பெண் எங்கே நிற்கலாம் என்றும் அதுவே தீர்மானிக்கிறது: ஒன்று பீடத்தின்மேல், அல்லது சேற்றில். இதைவிடக் கசப்பான ஒன்றும் அந்தப் படங்களில் இருக்கிறது. கடவுளை மறுத்த ஆண்கள்கூட இந்த ஏற்பாட்டைக் கைவிடுவதில்லை.

கலாந்தாவின் பிள்ளை

புனுவல் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று ஸ்பெயினின் அரகோன் பகுதியிலுள்ள கலாந்தா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கியூபாவில் வணிகம் செய்து பொருளீட்டித் திரும்பியவர். ஊருக்கு வந்ததும் தன்னைவிட மிக இளையவளான ஒரு பெண்ணை மணந்தார். வயது முதிர்ந்த செல்வந்தரும் இளம்பெண்ணும் புனுவல் படங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பவர்களுக்கு இந்தத் தகவல் பயன்படும். ஆனால் அதைக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

கலாந்தாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பெரிய வெள்ளியன்று தொடங்கி மறுநாள்வரை ஊரே தெருவில் திரண்டு அடிக்கும் பறைகள். இன்னொன்று, 1640இல் நிகழ்ந்ததாக ஊர் நம்பும் புதுமை, அதாவது அற்புதம். மிகெல் ஹுவான் பெலிசேர் என்ற பண்ணையாளின் கால் விபத்துக்குப் பின் வெட்டியெடுக்கப்பட்டது. சரகோசா நகரத்துத் தூண் மாதா ஆலயத்தின் விளக்கெண்ணெயைத் தன் வெட்டுண்ட காலில் தடவிவந்த அவனுக்கு, ஓர் இரவில் அதே கால் திரும்பக் கிடைத்தது என்பது கதை. புனுவல் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர். இழந்த காலை மாதா திருப்பித் தந்த ஊரிலிருந்து வந்தவர்தான் பின்னாளில், காலை இழந்தும் எந்தப் புதுமையும் கிட்டாத ஒரு பெண்ணின் கதையைப் படமாக்கினார்.

பள்ளிப்படிப்பு சரகோசாவில், சேசு சபையார் நடத்திய பள்ளியில். அன்றாடம் திருப்பலி, இடைவிடாத கண்காணிப்பு, நரகம் பற்றிய போதனை. பதினாறு வயதளவில் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் சேசு சபையார் தந்த பயிற்சி போகவில்லை. 1982இல் ழான் கிளாத் கேரியரின் துணையோடு வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தன் இளமையில் பாவ உணர்வு இன்பத்தைக் குறைக்கவில்லை, பெருக்கியது என்பதைப் புனுவல் மறைக்காமல் எழுதினார். கடவுள் அருளால் தான் இன்னும் நாத்திகனாகவே இருப்பதாக அவர் சொன்ன வேடிக்கையும் இதே மனநிலையிலிருந்து வருவதுதான்.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆதிப்பாவத்துக்குப் பின் மனிதனின் உறுப்புகள் அவன் சித்தத்துக்குக் கட்டுப்படாமல் போனதே இச்சையின் அடையாளம் என்று புனித அகுஸ்தீன் எழுதினார். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விசுவாசிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. செய்கை மட்டுமல்ல, மனமறிந்து இடம்கொடுத்த நினைவும் பாவம் என்றான பின், ஒவ்வொருவரும் தன் மனத்தில் ஓடும் காட்சிகளைக் கூர்ந்து கவனித்துச் சொல்லாக்கியாக வேண்டும். பாவசங்கீர்த்தனம் காமத்தை ஊமையாக்கவில்லை, ஓயாமல் பேசவைத்தது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1976இல் வாதிட்டார். அந்த வாதத்தை முப்பது ஆண்டுகளாகப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் புனுவல்.

பெண்ணுக்கு இந்த ஒழுங்கு தந்த மாதிரியுருவங்கள் இன்னும் கடுமையானவை. 1854இல் அமலோற்பவம் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டது. கருவில் உருவானபோதே பாவக்கறை படாத தாய், கன்னியாகவே தாயானவள். எந்தப் பெண்ணாலும் எட்ட முடியாத உயரம் அது. 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மரிய கொரெற்றியைப் புனிதையாக உயர்த்தினார். 1902இல், பலாத்காரத்துக்கு இணங்க மறுத்துக் கத்திக்குத்துக்குப் பலியானபோது அந்தச் சிறுமிக்கு வயது 11. கற்புக்காக உயிர்விட்ட சிறுமியைக் கத்தோலிக்க உலகம் பெண்பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டிய அதே காலத்தில்தான் புனுவல் மெக்சிகோவில் தன் இரண்டாவது திரைவாழ்வைத் தொடங்கியிருந்தார்.

சிலந்தி உட்கார்ந்த சிலுவை

1951இல் வெளிவந்த ‘சூசானா’ மலிவான மெலோடிராமா வகைப் படம். சீர்திருத்தப் பள்ளியின் இருட்டறையில் அடைக்கப்பட்ட சூசானா, தரையில் சிலுவைபோல விழுந்திருக்கும் சன்னல் கம்பியின் நிழல்முன் மண்டியிட்டு, தன்னை விடுவிக்கும்படி கடவுளிடம் மன்றாடுகிறாள். அந்தச் சிலுவையின் குறுக்கே ஒரு சிலந்தி ஊர்கிறது. கம்பி பெயர்ந்துவருகிறது. செபம் கேட்கப்பட்டுவிட்டது!

தப்பியோடி ஒரு பண்ணைவீட்டில் அடைக்கலம் புகும் அவள், அங்குள்ள ஆண்களை ஒவ்வொருவராக மயக்குகிறாள். கடைசியில் அவள் பிடித்துச் செல்லப்பட, குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்கிறது, நோயுற்ற குதிரைகூட எழுந்து நிற்கிறது. சந்தையின் தேவைக்காக ஒட்டவைத்த சுபமுடிவு என்று தோன்றலாம். ஆனால் இடையில் வரும் ஒரு காட்சியை மறக்க முடிவதில்லை. பக்தி மிகுந்த இல்லத்தரசி, சூசானாவைச் சாட்டையால் அடிக்கிறாள். அடிக்க அடிக்க அவள் முகத்தில் தெரிவது கோபம் மட்டுமல்ல, சுகமும்தான். தூயவள், தீயவள் என்ற இரு பெண்களும் அந்த ஒரு கணத்தில் ஒரே உணர்ச்சியின் இரு முனைகளாகிறார்கள். கடவுள் செபத்தைக் கேட்டுத்தான் சூசானாவை அந்த வீட்டுக்கு அனுப்பினார் என்பதையும் படம் திரும்பப் பெறவில்லை.

ஊசியும் நூலும்

‘எல்’ படத்தின் குளோரியா திருமண இரவிலேயே கணவனின் சந்தேகத்தைச் சந்திக்கிறாள். கண்ணை மூடி முத்தத்தை ஏற்கும் அவளிடம் பிரான்சிஸ்கோ கேட்பது, யாரை நினைத்துக் கொண்டிருக்கிறாய் என்று. இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்கப்படும் கேள்வியின் கணவன் வடிவம். உடலின் உரிமை கிடைத்தால் போதாது, நினைவின் உரிமையும் வேண்டும். யாரோ எட்டிப்பார்ப்பதாக நினைத்து ஓட்டல் அறையின் சாவித்துவாரத்தில் நீண்ட ஊசியைச் செருகுகிறான். மணிக்கூண்டின் உச்சிக்கு அழைத்துப்போய், அவளைக் கீழே தள்ளிவிடப் பார்க்கிறான்.

குளோரியா தன் தாயிடம் போகிறாள். தாய் மருமகன் பக்கம். பாதிரியாரிடம் போகிறாள். அவர் பிரான்சிஸ்கோவைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர். அவ்வளவு நல்ல கிறிஸ்தவன்மேல் பழிசொல்லும் அவளையே கண்டிக்கிறார். புனுவலின் பாதிரியார்கள் பெரும்பாலும் கொடியவர்களல்லர். இவரும் நல்லவர்தான். அவருடைய நல்லெண்ணம் வேலை செய்யும் திசைதான் சிக்கல். கணவனின் பக்தி, சாட்சியாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மனைவியின் வேதனையோ ஒரு குற்றச்சாட்டாக மட்டும் கேட்கப்படுகிறது.

பிறகு ஓர் இரவு பிரான்சிஸ்கோ கயிறு, சவரத்தகடு, ஊசி, நூல் இவற்றோடு தூங்கும் மனைவியின் அறைக்குள் நுழைகிறான். அவன் செய்ய வந்தது என்ன என்பதைப் படம் சொல்வதில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. கன்னிமையை மீண்டும் தைத்துவிட முயலும் அந்தக் கைகளில், பெண்ணுடலைப் பூட்டிய தோட்டமாக வருணித்த பல நூற்றாண்டுப் பிரசங்கங்கள் ஒரு செயலாகச் சுருங்கிவிடுகின்றன. மனப்பிறழ்வின் இலக்கணத்தை மாணவர்களுக்குக் காட்டுவதற்கு உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கான் இந்தப் படத்தைத் திரையிட்டார் என்று புனுவல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தன் படங்களிலேயே தன்னை அதிகம் கொண்டிருப்பது இதுதான் என்றும் அவர் சொன்னதுண்டு. பின்னால் இந்த ஒப்புதலுக்குத் திரும்ப வருவோம்.

திருப்பண்டமான திருமண உடை

1961இல் ஸ்பெயினுக்குத் திரும்பி எடுத்த ‘விரிதியானா’ இந்தச் சிந்தனையின் உச்சம். வார்த்தைப்பாடு கொடுக்கவிருக்கும் இளம் துறவி விரிதியானா (சில்வியா பினால்), மடத்துத் தலைவியின் வற்புறுத்தலால் மாமா தோன் ஹைமேயின் பண்ணைவீட்டுக்கு வருகிறாள். அவளுடைய பெட்டியில் இருப்பவை முள்முடி, சிலுவை, சுத்தியல், ஆணிகள். கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறாள். மாட்டின் மடியைத் தொட்டுப் பால் கறக்கச் சொன்னால், அவள் கை கூசிப் பின்வாங்குகிறது. பாடுகளின் கருவிகளை அன்போடு தொடும் கைக்கு உயிருள்ள தசை அந்நியமாக இருக்கிறது.

மாமாவின் வழிபாடு வேறுவகை. அவருடைய மனைவி திருமண இரவிலேயே இறந்தவள். அவளுடைய மண உடையையும் காலணிகளையும் பேழையில் வைத்துப் பாதுகாக்கிறார். தனிமையில் எடுத்துத் தாமே அணிந்து பார்க்கிறார். கத்தோலிக்க மரபில் புனிதர்களின் எலும்பும் ஆடையும் திருப்பண்டங்களாகப் போற்றப்படுகின்றன. தோன் ஹைமேயின் அறையும் ஒரு திருப்பண்டக் கோயில்தான். கையில் முள்முடியோடு வந்தவளும் மண உடையோடு காத்திருந்தவரும் பொருள்கள் வழியாகவே நேசிக்கக் கற்றவர்கள்.

மாமாவின் வேண்டுகோளுக்கு இணங்கி விரிதியானா அந்த உடையை அணிகிறாள். மயக்க மருந்து கலந்த பானத்தைக் குடித்துச் சாய்ந்தவளைக் கட்டிலில் கிடத்திக் கையைக் கோத்துவைக்கிறார், கல்லறைச் சிற்பத்தைப்போல. தொடத் தொடங்கி, பின்வாங்கிவிடுகிறார். மறுநாள் அவர் சொல்லும் பொய்தான் படத்தின் அச்சு: உன்னை நான் சூறையாடிவிட்டேன், இனி நீ மடத்துக்குப் போக முடியாது. பிறகு, பொய் சொன்னேன் என்கிறார். ஆனால் சொன்ன சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. நிகழாத ஒன்று அவள் உடலை மாற்றிவிடுகிறது. கன்னிமை என்பது உடலில் இருப்பதைவிட ஓர் ஆண் தரும் சான்றில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படங்கள் குறைவு.

மாமா தூக்கிலிட்டுக்கொண்டபின் விரிதியானா ஊர்ப் பிச்சைக்காரர்களை அந்த வீட்டில் தங்கவைத்து மூவேளைச் செபம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் இல்லாத இரவில் அவர்கள் மேசையைச் சுற்றிக் கடைசி இராவுணவு ஓவியம்போல அமர்ந்து போஸ் கொடுக்க, படமெடுப்பதாகச் சொல்லி ஒருத்தி பாவாடையைத் தூக்குகிறாள். ஹேண்டலின் அல்லேலூயா ஒலிக்கிறது. திரும்பிவரும் விரிதியானாவைப் பிச்சைக்காரன் ஒருவன் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அவன் இடுப்பில் கட்டியிருப்பது, மாமா தூக்கிட்டுக்கொண்ட அதே தாண்டுகயிறு.

முதல் திரைக்கதையில் விரிதியானா, மாமாவின் மகனான ஹோர்ஹேயின் அறைக்கதவைத் தட்டி உள்ளே போவதோடு படம் முடிந்தது. தணிக்கையாளர்கள் அதை ஏற்கவில்லை. புனுவல் மாற்றினார்: தலைமுடியை அவிழ்த்துவிட்ட விரிதியானா அறைக்குள் நுழைகிறாள், அங்கே ஏற்கெனவே வேலைக்காரி ரமோனா இருக்கிறாள், மூவரும் சீட்டாட உட்காருகிறார்கள், பின்னணியில் ஆங்கில ராக் பாட்டு. வெளியே அவளுடைய முள்முடி எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண் ஒரு கதவு என்றிருந்ததை, தணிக்கையின் புண்ணியத்தால் மூவர் உறவாக்கிய இந்த முடிவு முந்தையதைவிட மிக விபரீதமானது.

கான் திரைவிழாவில் அந்த ஆண்டு உயரிய தங்கப்பனை விருதை இந்தப் படம் ஒரு பிரெஞ்சுப் படத்தோடு பகிர்ந்துகொண்டது. ஸ்பெயினின் திரைப்படத்துறை இயக்குநர் மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டார். வத்திக்கானின் ‘ஒஸ்ஸர்வத்தோரே ரொமானோ’ நாளேடு படத்தைத் தேவநிந்தனை என்று கண்டித்தது. அதிகாரி பதவி இழந்தார். படம் ஸ்பெயினில் தடைசெய்யப்பட்டது.

கண்டனம் செய்தவர்கள் இராவுணவுக் காட்சியைத்தான் சுட்டினார்கள். ஆனால் கடைசிச் சீட்டாட்டம் அதைவிட ஆழமான கேள்வியை எழுப்புகிறது. முள்முடி எரிந்துவிட்டது, சரி. விரிதியானாவுக்குக் கிடைத்தது என்ன? ஹோர்ஹே பண்ணையைத் திருத்தி மின்விளக்கு கொண்டுவரும் நவீன மனிதன், மதத்தில் பிடிப்பில்லாதவன். வேலைக்காரியைத் தனக்கு வேண்டியபோது எடுத்துக்கொள்கிறான், துறவியையும் அப்படியே. மாமாவின் வீட்டில் பெண் திருப்பண்டமாக இருந்தாள். மகனின் வீட்டில் அவள் சீட்டாட்டத்துக்கு ஒரு கை.

மறுக்கப்பட்ட நன்மை

1967இல் வெளியாகி வெனிஸில் தங்கச் சிங்க விருது பெற்ற ‘பெல் த ஜூர்’, ஜோசப் கெசெலின் 1928ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. பாரிஸ் நகரத்து மருத்துவரின் மனைவி செவரீன் (கேத்தரின் தெனெவ்) கணவனோடு தனித்தனிக் கட்டிலில் உறங்குபவள். பிற்பகல் 2 மணி முதல் 5 மணிவரை ஒரு விபசார விடுதியில் வேலை பார்க்கிறாள்.

அவளுடைய கடந்தகாலத்தைப் பற்றிப் படம் தருவது இரண்டே துணுக்குகள். சிறுமியாக இருந்தபோது ஒரு தொழிலாளி அவளைத் தகாதமுறையில் தொட்டது. பிறகு, பீடத்தின் முன் நன்மை (நற்கருணை) வாங்க நிற்கும் சிறுமி, குரு நீட்டும் அப்பத்தை ஏற்க மறுத்து வாயை இறுக மூடிக்கொள்வது. இரண்டாவது துணுக்கு வருவது, அவள் முதன்முறையாக விடுதியின் படிகளில் ஏறும்போது. ஒரு வாசலை மறுத்தவள் இன்னொரு வாசலுக்குள் போகிறாள் என்று படத்தொகுப்பே சொல்லிவிடுகிறது. தான் தகுதியற்றவள் என்று நம்பிய குழந்தை, தகுதியின்மையையே தன் ரகசிய வழிபாடாக ஆக்கிக்கொண்டுவிட்டாள்.

அவளுடைய பகற்கனவுகளைக் கவனியுங்கள். மரத்தில் கட்டிச் சாட்டையடி. வெண்ணிற உடையில் கட்டுண்டு நிற்கும் அவள்மேல் கணவனும் அவன் நண்பனும் வாரியெறியும் சேறு. அந்தக் காட்சியில் மேய்ந்துவரும் மாடுகளுக்குப் பெயர்கூட உண்டு: எல்லாவற்றுக்கும் ‘மனஉறுத்தல்’, கடைசி மாட்டுக்கு மட்டும் ‘பரிகாரம்’. வேறொரு காட்சியில், பிரபு ஒருவர் அவளைத் தன் இறந்த மகளாகப் பாவித்துச் சவப்பெட்டியில் கிடத்துகிறார். அதற்குமுன் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் ஓவியத்தின் கீழே ஒரு திருப்பலிக் காட்சியும் இருந்தது, அது வெட்டப்பட்டது என்பது புனுவலின் நீங்காத வருத்தம்.

செவரீனின் கற்பனை நாத்திகமான ஒன்றல்ல. தண்டனை, அவமானம், பரிகாரம், பிறகு மணியோசை. ஒரு தவசு காலத்தின் ஒழுங்கு முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் பெண் சொல்ல, ஆண் கேட்டு மன்னிப்பான். செவரீன் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. தன் மனத்தின் காட்சிகளைத் தனக்கே வைத்துக்கொள்கிறாள். குளோரியாவிடம் கணவன் கேட்ட, யாரை நினைக்கிறாய் என்ற கேள்விக்குச் செவரீனிடம் பதில் கிடைக்காது. புனுவலின் பெண்களில் நினைவின்மேல் உரிமை பெற்ற முதல் பெண் அவள். அந்த உரிமைக்கான சொற்கள் மட்டும் திருச்சபையிடமிருந்து கடன் வாங்கியவை.

புதுமை நிகழாத கால்

‘திரிஸ்தானா’ (1970) பெனித்தோ பெரெஸ் கல்தோஸின் 1892ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. நாவலின் மத்ரித் நகரத்தைப் புனுவல் தொலேதோவாக மாற்றினார். ஸ்பானியத் திருச்சபையின் தலைமைப் பேராயர் வாழும் ஊர் அது. திரிஸ்தானாவின் காப்பாளர் தோன் லோப்பே (ஃபெர்னாண்டோ ரே) பாதிரியார்களை வெறுப்பவர், போலீஸ்காரர்களை ஏமாற்றித் திருடனைத் தப்பவிடுபவர், திருமணம் என்ற கட்டே காதலைக் கொல்கிறது என்று பேசுபவர். ஒரு முற்போக்காளரின் லட்சணம் எல்லாம் உண்டு. தன் பொறுப்பில் விடப்பட்ட அநாதைப் பெண்ணைப் படுக்கைக்கு இழுப்பவரும் இவரேதான். தனக்கு வேண்டியபோது தந்தை, வேண்டியபோது கணவன் என்று இரண்டு அதிகாரங்களையும் வைத்துக்கொள்கிறார். திருச்சபையின் ஆசீர்வாதத்தை மறுக்கும் அவர், அது ஆணுக்குத் தந்த ஆட்சியை மறுப்பதில்லை.

ஓவியன் ஒருவனோடு வெளியேறும் திரிஸ்தானா, காலில் கட்டி வந்து திரும்புகிறாள். கால் வெட்டப்படுகிறது. கலாந்தாவின் மாதா இங்கே வருவதில்லை, வருவது மரக்கால். ஒருநாள் மாடத்தில் நின்று, கீழேயிருக்கும் வாய்பேசாத இளைஞனுக்குத் தன் அங்கியைத் திறந்து காட்டுகிறாள். நாம் அவள் உடலைப் பார்ப்பதில்லை, அவள் முகத்தை மட்டும் பார்க்கிறோம். அதில் ஆசையோ நாணமோ இல்லை. தன் அதிகாரத்தை எடைபோட்டுப் பார்க்கும் நிதானம்தான் இருக்கிறது.

வயதான தோன் லோப்பே பாதிரியாரின் யோசனைப்படி அவளைத் தேவாலயத்தில் மணக்கிறார். பிறகு, தான் வெறுத்த பாதிரியார்களோடே சூடான சாக்லேட் குடித்துக்கொண்டு மாலைப்பொழுதைக் கழிக்கிறார். மேலே தாழ்வாரத்தில் திரிஸ்தானாவின் ஊன்றுகோல் ஓசை. மணப்படுக்கையை அவள் மறுத்துவிட்டாள். ஒரு பனியிரவில் அவருக்கு மாரடைப்பு வர, மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பதுபோல நடித்து, சன்னலைத் திறந்துவிட்டு அவரைச் சாகவிடுகிறாள். கல்தோஸின் திரிஸ்தானா பணிந்துபோய்ப் பலகாரம் செய்யக் கற்கிறாள். புனுவலின் திரிஸ்தானா பணியவில்லை. ஆனால் அவள் வென்றது எதை என்று கேட்டால் படம் பதில் சொல்வதில்லை.

கடைசிப் படமான ‘ஆசையின் அந்தப் புலப்படாப் பொருள்’ (1977) இதே ஆட்டத்தைத் தலைகீழாக ஆடிப்பார்க்கிறது. பியேர் லூயியின் 1898ஆம் ஆண்டு நாவலின் கொன்சித்தாவை இரண்டு நடிகைகள் மாறிமாறி நடிக்கிறார்கள்: கரோல் புக்கே, ஆங்கேலா மோலினா. முதிய செல்வந்தர் மத்தியூ அந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. கோயிலே கதியென்று கிடக்கும் தாய், மகளுக்காக அவரிடம் பணம் வாங்கிக்கொள்கிறாள். கொன்சித்தாவோ முடிச்சவிழா இறுக்கக் கச்சை அணிந்து படுக்கைக்கு வருகிறாள். கேட்டதைக் கொடுத்துவிட்டால் உன் காதல் முடிந்துவிடும் என்கிறாள். கன்னிமை ஆண் தரும் சான்று என்று விரிதியானாவுக்குக் காட்டப்பட்டது. கொன்சித்தா அந்தச் சான்றைத் தானே வைத்துக்கொண்டு விலை பேசுகிறாள்.

யாருடைய கனவு?

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி தவிர்க்க முடியாதது. இது பெண்ணின் காமமா, பெண்ணின் காமத்தைப் பற்றி ஓர் ஆணின் கனவா? செவரீனைப் படைத்த மூவரும் ஆண்கள்: கெசெல், திரைக்கதையில் துணைநின்ற கேரியர், புனுவல். அவமானத்தில் இன்பம் காணும் பெண் என்பது ஆண்களுக்கு மிகவும் வசதியான கற்பனை என்று பெண்ணியத் திறனாய்வு கேட்பதில் நியாயம் உண்டு. சூசானா முதல் கொன்சித்தாவரை ஒருத்தியாவது தோழியிடம் மனம்விட்டுப் பேசுவதாகவோ, ஆணின் பார்வைக்கு அப்பால் மகிழ்ந்திருப்பதாகவோ நமக்குக் காட்டப்படுவதில்லை.

திரைக்கு வெளியேயும் சாட்சி இருக்கிறது. 1934இல் புனுவலை மணந்த ழான் ருக்கார், கணவரின் மறைவுக்குப் பின் தன் நினைவுகளை வெளியிட்டார். பியானோ இல்லாத பெண் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் தலைப்பு. உடற்பயிற்சிக் கலையில் தேர்ந்தவரான அவரை, கால் தெரிய ஆடுவது ஒழுக்கக்கேடு என்று புனுவல் நிறுத்தவைத்தார். பொறாமை, கண்டிப்பு, நண்பர்கள் வரும்போது மனைவிக்கு அங்கே இடமில்லை. உலகின் புகழ்பெற்ற நாத்திகர்களில் ஒருவரின் வீட்டில் அரகோன் நாட்டு மரபான குடும்பத் தலைவன் நலமாக வாழ்ந்துகொண்டிருந்தான். ‘எல்’ படத்தில் தன்னை அதிகம் வைத்ததாக அவர் சொன்னது வெறும் அடக்கப்பேச்சல்ல.

இந்தத் தகவல் படங்களைத் தள்ளுபடி செய்யப் போதுமானதல்ல. அவற்றைச் சரியாகப் படிக்க உதவுவது. பிரான்சிஸ்கோ, தோன் ஹைமே, தோன் லோப்பே, மத்தியூ ஆகியோரை வெளியே நின்று சுட்டிக்காட்டும் நீதிபதியின் கண் அந்தப் படங்களில் இல்லை. கேமரா அவர்களை உள்ளிருந்து அறிந்திருக்கிறது. அதனாலேயே பெண்களின் உள்ளம் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து காட்டுவதாகப் பாசாங்கு செய்யாததும் ஒருவகை நேர்மை. செவரீனின் வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவரும், உள்ளே ஏதோ ரீங்கரிக்கும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் புனுவல் பதில் தராமலே இருந்தார். பாவசங்கீர்த்தனம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறது. அவர் படம், சொல்லாதிருக்கும் உரிமையைச் செவரீனுக்கு விட்டுவைத்தது.

ஸ்பெயின் நாட்டுச் சட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால் இந்தப் படங்கள் பேசியது கற்பனைச் சிக்கலை அல்ல என்பது விளங்கும். 1932இல் குடியரசு தந்த விவாகரத்து உரிமையைச் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1939இல் பறித்தது. மனைவி வேலைக்குப் போகவோ வங்கிக் கணக்கு தொடங்கவோ கணவனின் அனுமதி வேண்டும் என்ற நிலை 1975வரை நீடித்தது. மனைவி ஒருமுறை பிறனோடு கூடினாலே குற்றம்; கணவனோ ஒருத்தியை வீட்டிலோ ஊரறியவோ வைத்திருந்தால்தான் குற்றம். இந்தச் சட்டம் நீங்கியது 1978இல். ‘விரிதியானா’ ஸ்பெயின் திரையரங்குகளுக்கு வந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். விவாகரத்துச் சட்டம் மீண்டும் வர 1981 ஆனது. புனுவல் 1983 ஜூலையில் மெக்சிகோவில் இறந்தார்.

திருச்சபையைத் திட்டியவர் என்று மட்டும் அவரை நினைவில் வைத்துக்கொள்வது அவருக்கும் அநீதி, அவர் படங்களில் வரும் பெண்களுக்கும் அநீதி. கடவுளை மறுப்பது எளிது. கடவுளின் பெயரால் ஆணுக்குக் கிடைத்த உரிமையைக் கைவிடுவது கடினம். புனுவல் முதலாவதைப் பதினாறு வயதில் செய்து முடித்தார். இரண்டாவதை அவரால் கடைசிவரை செய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத் தன்னையும் விட்டுவைக்காமல் காட்டியதுதான் அவருடைய சாதனை.